கேமுக்கு டிவியா, மானிட்டரா? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

“பெரிய டிவி ஒன்று சும்மாதான் கிடக்கிறது. கம்ப்யூட்டரை அதில் மாட்டி விளையாடினால் ஆகாதா? மானிட்டர் தனியாக எதற்கு?” வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. மாட்டலாம், படமும் வரும். ஆனால் மவுஸை அசைத்த பிறகு சற்றுக் கழித்துத் திரை அசைவது, எழுத்து மங்கித் தெரிவது, டாஸ்க்பார் திரைக்கு வெளியே போய்விடுவது போன்ற தொல்லைகளும் கூடவே வரும். இவற்றில் பலவற்றைச் செட்டிங்ஸில் சரிசெய்யலாம். சில அந்த டிவியின் பிறவிக்குணம், எதைத் தட்டினாலும் போகாது. எது எந்த வகை என்று தெரிந்தால் முடிவெடுப்பது சுலபம்.

பெரும்பாலோர் முன்னால் இருக்கும் வழிகள் இவை:

- முதல் வழி: ஏற்கெனவே கையில் இருக்கும் 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும்) டிவி.
- இரண்டாம் வழி: 42 முதல் 55 அங்குலம் வரையிலான 4கே (3840×2160 பிக்சல்), 120 ஹெர்ட்ஸ் டிவியைப் புதிதாக வாங்குவது.
- மூன்றாம் வழி: 27 அங்குல 1440பி (2560×1440 பிக்சல்) கேமிங் மானிட்டர்.
- நான்காம் வழி: 32 அங்குல 4கே மானிட்டர், அல்லது டிவி அளவிலேயே வரும் 42–48 அங்குல ஓஎல்இடி (ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் பேனல்) மானிட்டர்.

## எதை வைத்து எடைபோடுவது?

பலரும் அங்குலத்தில் தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் நாற்காலி. கண்ணுக்கும் திரைக்கும் இடையே எத்தனை சென்டிமீட்டர் என்று டேப் வைத்து அளந்துவிட்டால் பாதிக் கேள்விகள் அங்கேயே தீர்ந்துவிடும். அடுத்து இன்புட் லேக் (கை அசைந்ததற்கும் திரை அசைவதற்கும் இடையே வரும் தாமதம்), போர்ட், எழுத்தின் தெளிவு, கிராபிக்ஸ் கார்டின் வலு, திரையில் அசையாமல் நிற்கும் படங்கள். இந்த வரிசையில் பார்ப்போம்.

### தூரம்

ஓர் அங்குலத்தில் எத்தனை பிக்சல் என்பது பிபிஐ. அதை உட்காரும் தூரத்தால் (சென்டிமீட்டரில்) பெருக்கி 146ஆல் வகுத்தால், பார்வையின் ஒரு டிகிரிக்குள் எத்தனை பிக்சல் விழுகிறது என்று கிடைக்கும். 60ஐத் தொட்டால் சாதாரணக் கண்ணுக்குப் பிக்சல் தனியாகத் தெரியாது. 45 இருந்தால் கேமுக்கும் அன்றாட வேலைக்கும் போதும். 30க்குக் கீழே போனால் எழுத்தின் ஓரம் படிக்கட்டு மாதிரி தெரியும்.

27 அங்குல 1440பி மானிட்டர் 109 பிபிஐ. 60 செ.மீ. தூரத்தில் 45 வருகிறது. 55 அங்குல 4கே டிவி 80 பிபிஐதான். அதே 60 செ.மீ.யில் 33, 110 செ.மீ. தள்ளி உட்கார்ந்தால் 60. 32 அங்குல டிவிகளில் பல 1366×768 பேனலோடு வருகின்றன. அவை 49 பிபிஐ, மேஜையில் வைத்தால் 20. கம்ப்யூட்டரிலிருந்து 1080பி அனுப்பினாலும் டிவி அதை ஏற்றுக்கொண்டு உள்ளே சுருக்கித்தான் காட்டும். கேமில் பெரிதாகத் தெரியாது. எழுத்து படிக்கும்போது கண் வலிக்கும்.

அகலத்தையும் பாருங்கள். 27 அங்குலத் திரையின் அகலம் சுமார் 60 செ.மீ. அதே தூரத்திலிருந்து பார்த்தால் பார்வையில் ஏறக்குறைய 53 டிகிரியை அடைக்கும். 43 அங்குல டிவி 95 செ.மீ. அகலம், அதையும் 60 செ.மீ.யில் வைத்தால் 77 டிகிரி. மூலையில் இருக்கும் மினிமேப்பைப் பார்க்கத் தலையைத் திருப்ப வேண்டும். 43 அங்குலத்துக்கு ஏறத்தாழ 90 செ.மீ., 55க்கு 115 செ.மீ. இடைவெளி வேண்டும். 60 செ.மீ. ஆழமுள்ள மேஜையில் காலோடு நிற்கும் டிவிக்கு இது கிடைக்காது. சுவரில் மாட்டி மேஜையைத் தள்ளிப் போட்டால்தான் வழி பிறக்கும்.

நேர்மாறாக, சோபாவில் 2.5 மீட்டர் தள்ளி உட்காருபவருக்குக் கணக்கே தலைகீழ். அங்கிருந்து 55 அங்குலத்தில் 1080பிகூட 68 வருகிறது. 4கேயில் ஓட்டிக் கார்டைச் சிரமப்படுத்தத் தேவையில்லை. 1440பியில் ஓட்டினாலும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம்.

### இன்புட் லேக்

டிவி தனக்கு வரும் படத்தை அப்படியே காட்டாது. இரைச்சலை நீக்கும், கூர்மையாக்கும், நிறத்தைக் கூட்டும். இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே தானாக ஒரு ஃபிரேமை வரைந்து செருகும். செருகுவதற்கு அடுத்த ஃபிரேம் வரும்வரை காத்திருக்க வேண்டும், தாமதத்தின் பெரும்பங்கு அங்கேதான். சினிமா மோடில் 50 முதல் 100 மில்லிசெகண்டுக்கு மேல்கூடப் போகும் டிவிகள் உண்டு. 60 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேம் 16.7 மில்லிசெகண்ட், அதாவது மூன்று முதல் ஆறு ஃபிரேம் பின்தங்கிய படத்தைப் பார்த்துச் சுடுகிறீர்கள்.

கேம் மோடு போட்டால் இந்த வேலைகள் பெரும்பாலும் நின்றுவிடும். நல்ல டிவியில் 60 ஹெர்ட்ஸில் 10–15, 120 ஹெர்ட்ஸில் 5–6 மில்லிசெகண்டுக்கு இறங்கும். கேமிங் மானிட்டர்கள் பொதுவாக 5க்குள். ஆக, புதிய 120 ஹெர்ட்ஸ் டிவிக்கும் மானிட்டருக்கும் இந்த விஷயத்தில் இன்று பெரிய இடைவெளி இல்லை. பழைய டிவிதான் சந்தேகத்துக்குரியது. அதிலும் கேம் மோடு என்று பெயர் மட்டும் போட்டு நிறத்தை மாற்றிவிட்டு, தாமதத்தை அப்படியே வைத்திருக்கும் மாடல்கள் உண்டு.

வீட்டிலேயே சோதிக்கலாம். ஃபோன் கேமராவை 240 ஃபிரேம் ஸ்லோமோஷனில் வைத்து, மவுஸும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி நிறுத்துங்கள். மவுஸை விரலால் வெடுக்கென்று தட்டுங்கள். மவுஸ் அசைந்த ஃபிரேமிலிருந்து திரை அசையும் ஃபிரேம் வரை எண்ணுங்கள், ஒவ்வொன்றும் 4.2 மில்லிசெகண்ட். பத்து முறை செய்து சராசரி எடுத்து, மோடை மாற்றி மறுபடியும் செய்யுங்கள். கிடைக்கும் எண்ணில் கம்ப்யூட்டரின் தாமதமும் கலந்திருக்கும். இரண்டு மோடுகளுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் டிவியுடையது. வித்தியாசமே வராமல், மொத்தமும் 100ஐத் தாண்டினால் அந்த டிவியில் மவுஸ் வைத்து விளையாடும் எண்ணத்தைக் கைவிடுவது நல்லது.

கேம்பேடில் விளையாடுபவர்கள் இதில் கொஞ்சம் தப்பித்துவிடுகிறார்கள். ஸ்டிக்கின் அசைவு மெதுவானது, 30–40 மில்லிசெகண்ட் கூடினாலும் கை அதற்குப் பழகிவிடும். மவுஸ் அப்படி விடாது.

### போர்ட்டும் ஹெர்ட்ஸும்

டிவிகளில் டிஸ்ப்ளேபோர்ட் (கம்ப்யூட்டரை மானிட்டரோடு இணைக்கும் போர்ட்) அநேகமாக இருக்காது. எச்டிஎம்ஐயை நம்பித்தான் பிழைப்பு. எச்டிஎம்ஐ 2.0 நொடிக்கு 18 கிகாபிட் தாங்கும். 4கே என்றால் 60 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். 4கேயில் 120 ஹெர்ட்ஸ், 10 பிட் நிறம், முழு நிற விவரம் மூன்றும் சேர்ந்து வர ஏறக்குறைய 40 கிகாபிட் தேவை. அதற்கு 48 கிகாபிட் வரை போகும் எச்டிஎம்ஐ 2.1 வேண்டும்.

டிவியில் 2.1 இருந்தால் மட்டும் போதாது, கார்டிலும் இருக்க வேண்டும். என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 30 வரிசையிலிருந்தும், ஏஎம்டியில் ஆர்எக்ஸ் 6000 வரிசையிலிருந்தும் இது உண்டு. இரண்டும் 2020இல் வந்தவை. ஜிடிஎக்ஸ் 16, ஆர்டிஎக்ஸ் 20, ஆர்எக்ஸ் 5000 வரிசைகளில் எச்டிஎம்ஐ 2.0தான். அவற்றை வைத்திருப்பவர் 120 ஹெர்ட்ஸ் டிவி வாங்கினால் 1440பியில் 120 ஹெர்ட்ஸ் எடுக்கலாம். பெரும்பாலான 120 ஹெர்ட்ஸ் டிவிகள் அதை ஏற்கும். டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐ 2.1க்கு மாற்றும் அடாப்டர்கள் கிடைக்கின்றன, ஆனால் அவற்றில் விஆர்ஆர் (கீழே வருகிறது) பல நேரம் வேலை செய்யாது. லினக்ஸில் ஏஎம்டி கார்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை: ஏஎம்டியின் திறமூல டிரைவரில் எச்டிஎம்ஐ 2.1ஐச் சேர்க்க எச்டிஎம்ஐ அமைப்பு 2024இல் அனுமதி மறுத்தது. உங்கள் டிரைவரில் நிலைமை என்ன என்று பார்க்காமல் டிவி வாங்க வேண்டாம்.

டிவிப் பெட்டியின் மேல் “மோஷன் 240” மாதிரி எழுதியிருப்பதை நம்பாதீர்கள். அது இடையில் ஃபிரேம் செருகும் வித்தைக்கு வைத்த பெயர். பேனலின் உண்மையான ரெஃப்ரெஷ் ரேட் என்ன என்று மாடல் விவரத்தில் தேடுங்கள். எல்லாப் போர்ட்டும் 2.1 ஆகவும் இருக்காது. சில டிவிகளில் நான்கில் இரண்டுதான், அந்த இரண்டில் ஒன்று சவுண்ட்பார் மாட்டும் இஏஆர்சி போர்ட். கன்சோலும் சவுண்ட்பாரும் ஏற்கெனவே இருந்தால் கம்ப்யூட்டருக்கு இடம் இல்லாமல் போகும்.

விஆர்ஆர் என்பது கார்டு ஃபிரேம் தரும் வேகத்துக்கே திரையும் நடப்பது. 120 ஹெர்ட்ஸ் டிவிகளில் இது பெரும்பாலும் உண்டு, 60 ஹெர்ட்ஸ் டிவிகளில் அரிது. ஓஎல்இடி, விஏ (எல்சிடியில் ஒரு வகை) பேனல்களில் விஆர்ஆர் ஓடும்போது ஃபிரேம் ரேட் ஏறி இறங்கினால் இருண்ட காட்சிகளில் திரை மினுக்கும். டிவி, மானிட்டர் இரண்டிலும் இது நடக்கும். ஃபிரேம் ரேட்டுக்கு ஒரு மேல்வரம்பு வைத்து நிலையாக ஓட விட்டால் குறையும்.

### எழுத்து

டிவியை மானிட்டராக்குபவர்கள் அதிகம் திண்டாடும் இடம் இது. வீடியோவில் நிற விவரத்தைப் பாதியாகவோ கால்பங்காகவோ குறைத்து அனுப்பினாலும் கண்ணுக்குத் தெரியாது. அதனால் டிவிகள் 4:2:2 அல்லது 4:2:0 ஆகவே படத்தைக் கையாளப் பழகியவை. எழுத்துக்கு அது ஒத்துவராது. நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்தை வைத்துப் பாருங்கள். ஓரம் கரைந்து ஓடினால் நிறம் குறைக்கப்படுகிறது என்று அர்த்தம்.

சரிசெய்யும் வரிசை:

1. டிவியின் இன்புட் பட்டியலில் அந்த எச்டிஎம்ஐயின் பெயரை அல்லது ஐகானைப் “பிசி” என்று மாற்றுங்கள். பல பிராண்டுகளில் இதைச் செய்தால்தான் 4:4:4, அதாவது குறைக்கப்படாத முழு நிற விவரம் கிடைக்கும்.
2. அந்தப் போர்ட்டின் முழு அலைவரிசையைத் திறந்துவிடுங்கள். எல்ஜியில் அல்ட்ரா எச்டி டீப் கலர், சாம்சங்கில் இன்புட் சிக்னல் பிளஸ், சோனியில் என்ஹான்ஸ்டு ஃபார்மேட் என்று பெயர். போர்ட் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும்.
3. கார்டின் கன்ட்ரோல் பேனலில் நிறத்தை ஆர்ஜிபி, ஃபுல் என்று வையுங்கள். கம்ப்யூட்டர் 0–255 அனுப்ப, டிவி 16–235ஐ எதிர்பார்த்தால் இருண்ட இடங்கள் கருப்பாக மூழ்கிவிடும். நேர்மாறாக இருந்தால் படம் வெளுத்துப்போகும். இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும்.
4. ஓவர்ஸ்கேனை (டிவி படத்தைப் பெரிதாக்கி ஓரங்களை வெட்டுவதை) நிறுத்துங்கள். “ஜஸ்ட் ஸ்கேன்”, “ஸ்கிரீன் ஃபிட்”, “1:1” என்று பிராண்டுக்கு ஒரு பெயரில் இருக்கும். டாஸ்க்பார் வெட்டுப்படுவது இதனால்தான். கார்டு பக்கம் படத்தைச் சுருக்கிச் சரிசெய்தால் எழுத்து இன்னும் மங்கும்.
5. ஷார்ப்னஸை நடுநிலைக்குக் கொண்டுவாருங்கள். சில பிராண்டுகளில் அது 0, சிலவற்றில் 50. எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரியாத இடமே நடுநிலை.
6. கடைசியாக விண்டோஸில் எழுத்தைத் தெளிவாக்கும் கிளியர்டைப் ஓட்டுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் எழுத்து சரியாக வரவில்லையென்றால் பேனலின் அமைப்பே காரணமாக இருக்கலாம். துணைப் பிக்சல்கள் சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் இல்லாமல் தலைகீழாக உள்ள டிவிகள் உண்டு. டிவிகளில் வரும் ஓஎல்இடியில் வெள்ளைப் பிக்சல் ஒன்று கூடுதலாகவோ, மூன்றும் முக்கோணமாகவோ இருக்கும். எழுத்தின் ஓரத்தில் லேசாக நிறம் ஒட்டும். ஓஎல்இடி மானிட்டர்களிலும் இந்தக் குறை உண்டு. கேமில் யாரும் கவனிக்க மாட்டார்கள். நாள் முழுக்கப் புரோகிராம் எழுதுபவர் கவனிப்பார்.

### கார்டின் வலு

4கே 83 லட்சம் பிக்சல். 1440பி 37 லட்சம். 1080பி 21 லட்சம். 1440பியில் நொடிக்கு 100 ஃபிரேம் தரும் கார்டு 4கேயில் பல கேம்களில் 50 பக்கம் வந்துவிடும். 4கே டிவியின் விலையோடு புதிய கார்டின் விலையையும் கூட்டிப் பார்க்க வேண்டிவரும் என்பதைப் பலர் பெட்டியைப் பிரித்த பிறகுதான் உணர்கிறார்கள். குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் இரண்டும் ஓரளவு கைகொடுக்கும்.

பெரிய 4கே திரையில் ஒரு நல்ல தந்திரம் உண்டு: கார்டில் ஸ்கேலிங்கை “நோ ஸ்கேலிங்” என்று வைத்து 2560×1440இல் ஓட்டினால், 43 அங்குலத் திரையின் நடுவே 28.7 அங்குலப் படம் கூர்மை குறையாமல் வரும். போட்டி கேமுக்கு அது, கதை கேமுக்கு முழுத் திரை. 3840×1600 என்று தனி ரெசல்யூஷன் போட்டு அகலத்திரை மானிட்டர் மாதிரியும் ஆக்கலாம்.

## மறைந்திருக்கும் செலவுகள்

ஓஎல்இடியில் தழும்பு. டாஸ்க்பார், கேமின் ஹெல்த் பார், மினிமேப் இவை மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் பேனலில் பதியும். டாஸ்க்பாரை மறைய வையுங்கள், வால்பேப்பரைக் கருப்பாக்குங்கள், ஐந்து நிமிடத்தில் ஸ்கிரீன்சேவர் வரட்டும். இதைவிட முக்கியமானது, டிவியை ரிமோட்டில் அணைத்துவிட்டுச் சுவர் சுவிட்சையும் உடனே அணைக்காமல் இருப்பது. பிக்சல்களைச் சீராக்கும் வேலையை ஓஎல்இடி ஸ்டான்ட்பையில்தான் செய்யும். மின்சாரத்தை வெட்டினால் அது நடக்காது. தழும்புக்கு டிவி உத்தரவாதம் பெரும்பாலும் பொருந்தாது. ஓஎல்இடி மானிட்டர்களில் சில பிராண்டுகள் இதற்கே 3 ஆண்டு தருகின்றன.

தானாக மங்குவது. வெள்ளைப் பக்கம் திரை முழுக்க விரிந்தால் ஓஎல்இடி டிவி வெளிச்சத்தைக் குறைக்கும். படம் அசையாமல் நின்றால் இன்னும் குறைக்கும். லோக்கல் டிம்மிங் (பின்விளக்கைப் பகுதி பகுதியாக மங்கவைப்பது) உள்ள எல்இடி டிவியில் கருப்புப் பின்னணியில் மவுஸ் அம்பைச் சுற்றி ஒளிவட்டம் வரும், சிலவற்றில் அம்பே மங்கும். வேலை நேரத்தில் டிம்மிங்கைக் குறைத்துவைக்க வேண்டியிருக்கும்.

ஆன், ஆஃப். கம்ப்யூட்டர் தூங்கினால் மானிட்டரும் தூங்கும், எழுந்தால் எழும். டிவி “சிக்னல் இல்லை” என்று காட்டிக்கொண்டு நிற்கும். கிராபிக்ஸ் கார்டுகள் பொதுவாக சிஇசி (எச்டிஎம்ஐ வழியே டிவியை ஆன், ஆஃப் செய்யும் கட்டளை) அனுப்புவதில்லை என்பதால் ரிமோட்டைத் தேட வேண்டும். அதற்கென்றே தனி யுஎஸ்பி அடாப்டர் உண்டு. சின்ன விஷயம் என்று தோன்றும், தினமும் நான்கு முறை செய்யும்வரை.

கேபிள். 4கே, 120 ஹெர்ட்ஸுக்கு “அல்ட்ரா ஹை ஸ்பீடு” சான்று உள்ளது வேண்டும். சாதாரணச் செம்புக் கேபிள் 3 மீட்டர் வரை நிம்மதி. அதைத் தாண்டினால் ஒரு நொடி திரை கருத்து மீள்வது, வெள்ளைப் புள்ளிகள் மின்னுவது எல்லாம் தொடங்கும். 10 மீட்டருக்கு ஆப்டிகல் எச்டிஎம்ஐ கேபிள் வேண்டும். அதில் எந்த முனை கம்ப்யூட்டருக்கு, எது டிவிக்கு என்று எழுதியிருக்கும். மாற்றி மாட்டினால் படமே வராது.

மின்சாரம். 27 அங்குல மானிட்டர் சுமார் 30–40 வாட். 55 அங்குல டிவி 100 வாட் பக்கம், எச்டிஆரில் (வெளிச்சமும் இருளும் கூடுதல் வித்தியாசத்தோடு வரும் படத்தில்) இன்னும் மேலே.

விளம்பரமும் வேவும். பல ஸ்மார்ட் டிவிகள் எச்டிஎம்ஐ வழியே ஓடும் படத்தையும் அடையாளம் கண்டு தகவல் அனுப்பும். பிரைவசி செட்டிங்ஸில் நிறுத்தலாம், அல்லது நெட்டையே கொடுக்காமல் விடலாம். மானிட்டராக மட்டும் பயன்படுத்தினால் அதற்கு நெட் எதற்கு?

ஸ்பீக்கர் விஷயத்தில் டிவி தெளிவாக ஜெயிக்கிறது. மானிட்டரில் இருப்பதை ஸ்பீக்கர் என்று சொல்வதே மரியாதைக்காகத்தான்.

எச்டிஆரிலும் டிவி பக்கமே தராசு சாயும். டிஸ்ப்ளேஎச்டிஆர் 400 என்ற சான்றோடு வரும் விலை குறைந்த மானிட்டர்களில் எச்டிஆர் போட்டால் படம் வெளுக்கத்தான் செய்யும். மினி எல்இடி டிவியோ ஓஎல்இடி டிவியோ காட்டும் வெயிலும் நெருப்பும் வேறு ரகம்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | இருக்கும் 60 ஹெர்ட்ஸ் டிவி | 42–55 அங்குல 120 ஹெர்ட்ஸ் டிவி | 27 அங்குல 1440பி மானிட்டர் | 32 அங்குல 4கே / 42–48 ஓஎல்இடி மானிட்டர் |
|---|---|---|---|---|
| ஏற்ற தூரம் | 1.5 மீட்டருக்கு மேல் | 90 செ.மீ. முதல் | 60–70 செ.மீ. | 70–100 செ.மீ. |
| இன்புட் லேக் | மாடலைப் பொறுத்தது, சோதிக்க வேண்டும் | கேம் மோடில் நன்று | மிக நன்று | மிக நன்று |
| டிஸ்ப்ளேபோர்ட் | இல்லை | அநேகமாக இல்லை | உண்டு | உண்டு |
| எழுத்து | பெரும்பாலும் சுமார் | செட்டிங்ஸ் சரியானால் நன்று | நன்று | 32இல் மிக நன்று, ஓஎல்இடியில் நன்று |
| கார்டுக்குச் சுமை | ரெசல்யூஷனைப் பொறுத்தது | அதிகம் | நடுத்தரம் | அதிகம் |
| எச்டிஆர் | பெயருக்கு | சிறப்பு | பெரும்பாலும் பெயருக்கு | ஓஎல்இடியில் சிறப்பு |
| தூக்கம், விழிப்பு | ரிமோட் | ரிமோட் | தானாக | தானாக |

## யாருக்கு எது?

இருக்கும் டிவியே போதும்: கேம்பேடில், சோபாவில், கார் ஓட்டமோ கால்பந்தோ கதை கேமோ விளையாடுபவர்களுக்கு. ஸ்லோமோஷன் சோதனையில் கேம் மோடு உண்மையாகவே தாமதத்தைக் குறைத்தால் ஒரு கேபிளோடு செலவு முடிந்தது. எழுத்து வேலையை அதில் செய்ய முயல வேண்டாம்.

120 ஹெர்ட்ஸ் டிவி: கன்சோல், படம், கம்ப்யூட்டர் கேம் மூன்றும் ஒரே திரையில் வேண்டும், கார்டிலும் எச்டிஎம்ஐ 2.1 இருக்கிறது, குறைந்தது 90 செ.மீ. தள்ளி உட்கார இடம் உண்டு என்றால் இதற்கு ஈடில்லை. நெருங்கி உட்காருபவர்கள் விஏ பேனலைத் தவிர்க்கலாம். 43 அங்குலத்தை நெருங்கிப் பார்த்தால் ஓரங்கள் வெளுத்துத் தெரியும். மேஜையில் பொருத்தித் திரையைத் தூக்கி நிறுத்தும் ஆர்மில் மாட்டுவதாக இருந்தால் எடையைப் பாருங்கள். 43 அங்குல டிவியே 8–10 கிலோ வரும், சாதாரண ஆர்ம்கள் அதற்குள்ளேயே நின்றுவிடும்.

27 அங்குல மானிட்டர்: மவுஸ் கேம், போட்டி கேம், நடுத்தரக் கார்டு, மேஜை வேலை. இந்த நான்கில் இரண்டு பொருந்தினாலே வேறு யோசனை வேண்டாம். 240 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றாலும் இங்கேதான் எளிதில் கிடைக்கும்.

பெரிய மானிட்டர்: பகலில் எழுத்து, இரவில் கேம் என்று ஒரே நாற்காலியில் நாளைக் கழிப்பவர்களுக்கு 32 அங்குல 4கே. 42–48 அங்குல ஓஎல்இடி மானிட்டரில் இருப்பது அதே அளவு டிவியில் இருக்கும் பேனல் வகைதான். கூடுதல் விலைக்குக் கிடைப்பவை டிஸ்ப்ளேபோர்ட், தானாகத் தூங்கும் வசதி, பெரும்பாலும் பளபளப்பு குறைந்த மேற்பரப்பு. எச்டிஎம்ஐ 2.1 உள்ள கார்டு இருந்து, ரிமோட்டைத் தொடுவதும் தொல்லையில்லை என்றால் டிவியே சிக்கனம்.

இருக்கும் டிவியையும் ஒரு மானிட்டரையும் சேர்த்து வைத்துக்கொள்வது ஐந்தாவது வழி. மானிட்டரை டிஸ்ப்ளேபோர்ட்டிலும் டிவியை எச்டிஎம்ஐயிலும் மாட்டி, விண்டோஸ் பொத்தானோடு பி அழுத்தி “இரண்டாவது திரை மட்டும்” என்று மாற்றுங்கள். இரண்டிலும் ஒரே படம் ஓடும் மோடில் விட்டால் வேகமான திரையும் மெதுவான திரையின் ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். திரையை மாற்றிய பின் சத்தம் பழைய ஸ்பீக்கரிலேயே வந்துகொண்டிருந்தால், டாஸ்க்பாரின் ஸ்பீக்கர் ஐகானைத் தொட்டு டிவியின் பெயரைத் தேர்ந்தெடுங்கள்.